வரைபடத்தோடு ஓடிய ஒரு வாரம்

செக் நாட்டில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, நெஞ்சில் கை வைத்து, "பானி ஹானா" என்றார். ஹிந்தியில் பானி என்றால் தண்ணீர். எங்கள் அணியின் பிக்ரம் உடனே முதுகுப் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கழித்துப் பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோகும்போது, தன்னைக் காட்டி மறுபடியும் "பானி ஹானா" என்றார். இந்த முறை சந்தீப் ஓடிப்போய் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தான். அந்த ஊரில் பானி என்றால் திருமதி என்பது எங்களுக்குத் தெரிவதற்குள் அவருடைய மேஜையில் மூன்று பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. விருந்தாளிகள் தண்ணீர் கொடுப்பது இந்திய வழக்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார்.

நாங்கள் ஐந்து பேர். ஓடுவதற்கு நான்கு பேர், கூட மேனேஜர் கிருஷ்ணன் சார். பிக்ரமும் சந்தீப்பும் ராணுவத்தில் இருப்பவர்கள். ஒருவன் டார்ஜிலிங் மலைப் பக்கம், இன்னொருவன் ஹரியானா. ரேகா உத்தரகாண்ட் பெண், எல்லைக் காவல் படையில் இருக்கிறாள். நான் தாராவி. மின்சாரக் கம்பெனியின் கான்ட்ராக்டரிடம் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. சீருடை போட்ட மூன்று பேருக்கு நடுவில் என் வேலையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் இரண்டாம் தடவை கேட்பார்கள்.

ஓரியன்டீரிங் என்றால் என்ன என்று எங்கள் சாலில், அந்த வரிசைக் குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கம் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. கையில் ஒரு மேப், ஒரு திசைகாட்டி. அதுவரை பார்த்திராத இடத்தில், மேப்பில் வட்டம் போட்டிருக்கும் இடங்களை வரிசைப்படி தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக் கூண்டு தொங்கும். அதன் கீழ் ஒரு சின்னப் பெட்டியும் எண்ணும் இருக்கும். விரலில் மாட்டியிருக்கும் சிப்பைப் பெட்டியில் காட்டினால் பீப் என்று சத்தம் வரும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் இஷ்டம். ஆனால் ஒரே ஒரு கன்ட்ரோலைத் தவறவிட்டாலும், பக்கத்திலிருக்கும் வேறொன்றைத் தொட்டாலும், ஓடிய ஓட்டமெல்லாம் வீண். காட்டிலும் நடக்கும், ஊருக்குள்ளும் நடக்கும். இந்த வருஷம் உலகப் போட்டி ஊருக்குள்.

டிக்கெட், விசாக் கதைகளைச் சொல்லப்போவதில்லை. போய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பானி ஹானா ஒரு பெரிய தட்டு நிறைய வெள்ளையாக ஏதோ கொண்டுவந்து வைத்தார். மாவை உருட்டி ஆவியில் வேகவைத்து, வட்டவட்டமாக அறுத்திருந்தார். க்னெட்லிகி என்று பெயர். தொட்டுப் பார்த்தால் இட்லிப் பதம். வாயில் போட்டால் ரொட்டிக்கும் இட்லிக்கும் நடுவில் எங்கோ நின்றது. கூட வந்த குழம்பு மாட்டுக்கறி. கிருஷ்ணன் சார் குழம்புப் பாத்திரத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினார். அவர் செம்பூர்க்காரர், பாலக்காட்டுக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வருஷம் முழுவதும் சேர்த்துவைக்கும் லீவை இந்த அணிக்காகவே செலவழிப்பவர். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் அவருடைய சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வந்திருந்தது.

"செல்வி, உன்கிட்ட பொடி ஏதாவது இருக்கோ?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொடியை எடுத்துவந்தேன். எண்ணெய்க்குச் சூரியகாந்தி எண்ணெய்தான் கிடைத்தது. சார் ஒரு துண்டைத் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம இட்லியோட சித்தப்பா பிள்ளையாக்கும் இது" என்றார். பானி ஹானாவும் ஒரு துண்டைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, காலையில் நாங்கள் கொடுத்த தண்ணீர் பாட்டில்களில் ஒன்றைத் திறந்து குடித்தார்.

இரண்டாம் நாள் பயிற்சி. போட்டி நடக்கப்போகும் பழைய நகரத்துக்குள் யாரும் போகக் கூடாது. பக்கத்து ஊரில்தான் பயிற்சி. ஊர் துடைத்துவைத்தது மாதிரி இருந்தது. சாலையில் வண்டியே இல்லாத நேரத்தில்கூட ஒரு பெரியவர் சிவப்பு விளக்குக்காக நாயோடு நின்றுகொண்டிருந்தார். நாயும் நின்றது. நானும் ரேகாவும் பாதிச் சாலை வரை போய்விட்டு, வெட்கப்பட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றோம். எங்கள் தாராவியின் தொண்ணூறடி சாலையில் இப்படி நின்றால் என்னை லாரி இடிப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து ஜனங்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

பயிற்சியில் என் கால் நன்றாகவே ஓடியது. வளைந்த சந்துகள், படிக்கட்டுகள், திடீரென்று வரும் சின்னச் சதுக்கங்கள். மேப்பில் பார்ப்பதும் கண்ணில் படுவதும் ஒன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தன. அன்று மனதுக்குள் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருக்க வேண்டும். தாராவியில் பத்து வருஷமாகச் சந்து சந்தாக மீட்டர் பார்ப்பவளுக்கு இதெல்லாம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மூன்றாம் நாள் தனிநபர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. நன்றாக ஓடினேன் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது கன்ட்ரோல் ஒரு கட்டடத்தின் மூலையில். மூலையைத் திரும்பினேன், ஆரஞ்சுத் துணி தெரிந்தது, சிப்பைக் காட்டினேன், பீப் கேட்டது, ஓடினேன். எண்ணைப் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி, சிப்பை மெஷினில் வைத்தபோது அங்கிருந்த பெண் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "பன்னிரண்டாவது தவறு. அது வேறொருவருடையது. வருந்துகிறேன்."

தகுதிச் சுற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் பாதை வேறு; நான் தொட்டது வேறு பிரிவுக்கு வைத்தது, அடுத்த கட்டடத்தின் மூலையில். இருபது அடி தள்ளி.

வேலையில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ரீடிங் எழுதுவதற்கு முன்னால் மீட்டர் நம்பரைப் பார். பார்க்காவிட்டால் அடுத்த வீட்டு பில் இந்த வீட்டுக்கு வந்துவிடும். பத்து வருஷமாகத் தினமும் நூற்றுக்கணக்கான நம்பர்களைப் பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒரு இடத்தில் பார்க்கவில்லை. ஒரு சர்ச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். ரேகா தகுதி பெறவில்லை என்றாலும் சரியாக ஓடி முடித்திருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள்.  அது எனக்கு உதவியாக இருந்தது.

எனக்கு உண்மையான பயம் அந்தத் தனி ஓட்டத்தைப் பற்றி இல்லை. ஐந்தாம் நாள் ரிலே. ஒரு பெண், இரண்டு ஆண்கள், கடைசியில் ஒரு பெண் என்று நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். நான்கு பேரில் ஒருவர் தவறினாலும் நாட்டுக்கே மதிப்பெண் கிடையாது. இதற்கு முன் நான் போன இரண்டு வெளிநாட்டுப் போட்டிகளிலும் பட்டியலில் எங்கள் ரிலே அணிக்கு நேரம் எழுதப்படவில்லை. இந்தியா என்று இருக்கும், எதிரில் ஒரு கோடு இருக்கும். ஒரு முறை தவறு வேறொருவருடையது, ஒரு முறை என்னுடையது. இந்தத் தடவை பட்டியலில் ஒரு நேரம் வர வேண்டும் என்பதுதான் நாங்கள் ஐந்து பேரும் மனதுக்குள் வைத்திருந்த ஆசை. பதக்கம் பற்றியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை.

நான்காம் நாள் ஓய்வு. காலையில் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, சாப்டியா? ஓட்டம் என்னாச்சு?"

"தப்பாயிட்டும்மா. தகுதி இல்லன்னுட்டாங்க."

"ஓடுனியா, ஓடலியா?"

"ஓடுனேன்."

"எங்கயும் விழுந்து கிழுந்து வைக்கலல்லா?"

"இல்லம்மா."

"பொறவு என்ன. அடுத்தது எப்ப?"

"நாளைக்கு."

"சரி. இங்க ஒன் ஏரியாவ வேற ஒருத்தன் பாக்கான். மூணு வீட்ல நம்பரத் தப்பா எழுதிட்டான். ஒரே சண்ட. அந்தப் பிள்ள எப்ப வரும்னு எல்லாரும் என்கிட்டதான் கேக்காவ."

நானும் நம்பரைப் பார்க்காமல்தான் தோற்றேன் என்று அம்மாவுக்குத் தெரியாது; அந்த மூன்று வீடுகள் என்னைக் குத்தின. சிரிப்பும் வந்தது.

மத்தியானம் பானி ஹானா எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். மாவைத் தட்டி, உள்ளே ஒரு பிளம் பழத்தை வைத்து மூடி, உருட்டி, வெந்நீரில் போட்டார். வெந்து மேலே மிதந்ததும் எடுத்து, துருவிய பாலாடைக் கட்டியும் சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும் போட்டுக் கொடுத்தார். கொழுக்கட்டைதான். பூரணத்துக்குப் பதில் பழம், அவ்வளவுதான். நான் ஒரு உருண்டை மாவை வாங்கி, விரல்களால் மடிப்பு மடிப்பாக மூடிக் காட்டினேன். பானி ஹானா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மடிப்பைப் பார்த்தார். பிறகு அதை மட்டும் தனியாக வேகவைத்து, தன் கணவர் மிரெக்குக்கு என்று தட்டில் எடுத்துவைத்தார்.

ரிலேயில் ரேகா முதலில், நான் கடைசியில் என்று முடிவாகியிருந்தது. சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "நீ கடைசியில் ஓடு. நான் முதலில் ஓடுகிறேன்." முதல் ஓட்டத்தில் எல்லா நாடும் ஒன்றாகக் கிளம்பும். கூட்டத்தோடு ஓடினால் தவறு செய்ய வாய்ப்பு குறைவு. கடைசி ஓட்டம் பெரும்பாலும் தனியாக.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்குக் கூட்டம் நல்லது. யாரையாவது பார்த்தால்தான் என் கால் வேகமாகப் போகும். உங்களுக்குக் கூட்டம் ஆகாது. நேற்று பன்னிரண்டாவதில் உங்களுக்கு முன்னால் யாராவது ஓடினார்களா?"

யோசித்தேன். ஓடினார்கள். நீலச் சட்டை போட்ட ஒரு பெண், அந்த மூலையில்தான் திரும்பினாள். நான் மேப்பைப் பார்க்காமல் அவளைப் பார்த்திருக்கிறேன்.

"அதைத்தான் சொல்கிறேன்" என்றாள். "மாற்ற வேண்டாம்."

ஐந்தாம் நாள், சனிக்கிழமை. ரிலே சாயங்காலம் நான்கு மணிக்கு. ஆனால் இரண்டு மணிக்குள் எல்லா ஓட்டக்காரர்களும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கதவை மூடிவிடுவார்கள். போட்டிப் பாதையை யாரும் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது என்று. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஓட முடியாது. நாங்கள் தங்கியிருந்த கிராமத்திலிருந்து நகரம் பதினெட்டு கிலோமீட்டர்.

ஒரு மணிக்குக் கிளம்பலாம் என்று வாடகை வேனில் ஏறி உட்கார்ந்தோம். சந்தீப் சாவியைத் திருப்பினான். டிக் என்றது. மறுபடியும் டிக். பாட்டரி இறங்கியிருந்தது. ராத்திரி உள் விளக்கை யார் எரியவிட்டது என்ற விசாரணையை ஆரம்பிக்கும் முன்பே பானி ஹானா ஜன்னலிலிருந்து கையை நீட்டிச் சாலை முனையைக் காட்டினார். ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

பைகளோடு ஓடினோம். அந்த நாட்டு பஸ்ஸில் டிரைவர்தான் டிக்கெட் கொடுப்பார். சார் முதலில் ஏறி, நகரத்தின் பெயரைச் சொல்லி, போகுமா என்று கேட்டார். அந்தப் பெயரை நாங்கள் யாரும் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொன்னதில்லை. டிரைவர் தலையை ஆட்டி "நோ, நோ" என்றார். சார் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். எங்களையும் இறக்கினார். டிரைவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவை மூடினார். பஸ் நகர்ந்ததும் அதன் பின் கண்ணாடியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை ரேகா எழுத்துக் கூட்டிப் படித்தாள். எங்கள் நகரம்தான்.

அடுத்த பஸ் மூன்று மணிக்கு என்று கம்பத்தில் ஒட்டியிருந்தது.

சார் அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு நடைமேடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "வருஷம் பூரா லெட்டர் எழுதி, மெயில் அனுப்பி, கடைசில பஸ்லேர்ந்து நானே இறக்கிவிட்டேன்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பிக்ரம் பதினெட்டு கிலோமீட்டரை ஓடியே போய்விடலாமா என்று கணக்குப் போட்டான். போய்விடலாம்தான், போய் மறுபடி ஓட வேண்டுமே.

பானி ஹானா கவுன் ஈரத்தோடு சாலைக்கு வந்தார். சார் கைக்கடிகாரத்தைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டி, கதவு மூடுவது மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். பானி ஹானா போனை எடுத்து நான்கு வார்த்தை பேசினார். பத்து நிமிஷத்தில் ஒரு சிவப்பு வேன் வந்து நின்றது. பக்கத்தில் ஏணிப் படம், மேலே நீல விளக்கு. அந்தக் கிராமத்து ஆட்களே சேர்ந்து நடத்தும் தீயணைப்புக் குழுவின் வேன். ஓட்டி வந்தவர் மிரெக், பானி ஹானாவின் கணவர். உள்ளே ரப்பர் பூட்சும் சுருட்டிய குழாய்களுமாக ஈர வாடை. குழாய்களின் மேல் உட்கார்ந்தோம்.

பிக்ரம் சைரன் போடச் சொன்னான். மிரெக் சிரித்து, முடியாது என்று விரலை ஆட்டினார். ஆனால் வேனை மெதுவாக ஓட்டவில்லை. வளைவுகளில் நாங்கள் ஐந்து பேரும் குழாய்களோடு சேர்ந்து உருண்டோம். மிரெக்குக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். வழியில் சார் அவரிடம் பஸ் டிரைவர் பற்றிச் சொன்னார். மிரெக் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு 'ஆனோ'. பேச்சில் அது சுருங்கி 'நோ' ஆகிவிடும்.

"ஆமான்னு சொல்றதுக்கு நோவா?" என்றார் சார் என்னிடம். "இது நன்னா இருக்கு. அந்த டிரைவர் ரெண்டு தடவை ஆமான்னு சொல்லிருக்கான், நான் ரெண்டு தடவை தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்கியிருக்கேன்."

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது இரண்டு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. பெயர்ப் பட்டியலோடு நின்ற பெண் எங்களையும், தீயணைப்பு வேனையும், என் டிராக் பேன்ட்டில் ஒட்டியிருந்த கறுப்பு அழுக்கையும் பார்த்துவிட்டு நான்கு டிக் போட்டாள்.

நான்கு மணிக்கு ரேகா கிளம்பினாள். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே கோட்டில் நின்று, ஒரே சத்தத்தில், சதுக்கத்தைக் கடந்து சந்துகளுக்குள் கரைந்துபோனார்கள். நான் கம்பி வேலிக்குள் நின்று காலை உதறிக்கொண்டிருந்தேன். ரேகா சொன்னபடியே கூட்டத்தோடு போய் கூட்டத்தோடு திரும்பினாள். எங்களுக்குப் பின்னால் பத்து நாடுகளாவது இருந்தன. பிக்ரம் அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சந்தீப் வரும்போது முட்டியிலிருந்து கணுக்கால் வரை ரத்தம். கல் படிக்கட்டில் விழுந்திருக்கிறான். மூன்று நாடுகள் அவனைத் தாண்டி வந்துவிட்டன. ஆனாலும் முழு வேகத்தில் வந்து என் கையில் அறைந்தான். "எல்லாம் சரி" என்று ஹிந்தியில் கத்தினான். மூன்று பேரும் சரியாக முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இனி நான்தான்.

மேப்பை எடுத்தேன். முதல் ஆறு கன்ட்ரோலும் சதுக்கத்தைச் சுற்றி. ஒவ்வொன்றிலும் நின்றேன் என்றே சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்து, வாய்விட்டுத் தமிழில் சொல்லி, பிறகுதான் சிப்பைக் காட்டினேன். அதில் சில வினாடிகள் போயின. போகட்டும் என்று விட்டேன்.

ஆறாவது முடிந்ததும் பாதை ஒரு முறை பார்வையாளர்கள் நடுவில் போகும். அங்கே தடுப்புக்கு மேல் பாதி உடம்பு தொங்க, கிருஷ்ணன் சார். "செல்வி, நம்பர் பாரு! நம்பர் பாரு!" அவருக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பிள்ளைகள் அது என்னை உற்சாகப்படுத்தும் முழக்கம் என்று நினைத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் கை தட்டி "நம்பர் பாரு, நம்பர் பாரு" என்று கத்த, நான் அந்தச் சதுக்கத்தைக் கடந்தேன். சிரித்துக்கொண்டே ஓடியது என் வாழ்க்கையில் அன்றுதான்.

ஏழாவது கன்ட்ரோல் ஒரு சர்ச் நிற்கும் குன்றின் மேல். எட்டாவது கீழே, ஒரு நீளமான வீட்டு வரிசைக்கு அந்தப் பக்கம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மேப்பில் அந்த வரிசை முழுக்க அடர்ந்த சாம்பல் நிறம். இடது பக்கமாகச் சுற்றிப் போகலாம், தூரம் அதிகம். வரிசையின் நடுவில் நூல் மாதிரி ஒரு வெளிர் சாம்பல் கோடு. வீட்டுக்கு அடியில் போகும் வழி.

எனக்கு முன்னால் ஒரு பெண் அந்த வீட்டை நோக்கித்தான் இறங்கினாள். கிட்டே போனதும் அங்கே பெரிய மரக் கதவு. கதவு சாத்தியிருந்தது. அவள் நின்று, பார்த்து, இடது பக்கம் திரும்பி ஓடிவிட்டாள். என் காலும் அவள் பின்னால் ஒரு அடி எடுத்துவைத்தது. பிறகு மேப்பைப் பார்த்தேன். கோடு அங்கேயேதான் இருந்தது. அந்தப் பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு, ஆள் குனிந்து நுழையும் அளவில், உள் பக்கமாகத் திறந்து கிடந்தது. வெயிலில் நிற்பவர்களுக்கு அது வெறும் இருட்டாகத்தான் தெரியும்.

குனிந்து நுழைந்தேன். ஈரச் சுவர், இரண்டு சைக்கிள், அட்டைப் பெட்டிகள், தலைக்கு மேல் யாரோ நடக்கும் சத்தம். சுவரில் வரிசையாக மின்சார மீட்டர்கள். ஆறு என்று என் கண் தானாக எண்ணியது. பதினைந்து அடி இருட்டு, அப்புறம் வெளிச்சம், மூன்று படி. படியின் கீழே ஆரஞ்சுத் துணி தொங்கியது. எண்ணைச் சொன்னேன். பீப். மேலே நிமிர்ந்தபோது அந்தத் தெருவில் என்னைத் தவிர யாரும் இல்லை. இடது பக்கம் திரும்பிப் போனவள் வருவதற்குள் நான் ஒன்பதாவதுக்குப் பாதி வழி போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு யார் முன்னால், யார் பின்னால் என்பதே தெரியவில்லை. மேப், எண், பீப். இரண்டு பேரைத் தாண்டினேன், கடைசி நேரான தெருவில் ஒருத்தி என்னைத் தாண்டினாள். முடிவுக் கோட்டில் விழாமல் நின்றேன்.

சிப்பை மெஷினில் வைத்தேன். மீசை வைத்த ஒரு பெரியவர் திரையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஒரு காகிதச் சுருள் வெளியே வர வேண்டும், வரவில்லை. அவர் மூடியைத் திறந்தார். காகிதம் தீர்ந்திருந்தது. அவசரமே இல்லாமல் கீழே குனிந்து, டப்பாவைத் திறந்து, புதுச் சுருளை எடுத்து, மேலுறையைக் கிழித்து, மாட்டி, மூடினார். அந்த நேரத்தில் நான் இருபத்தொரு கன்ட்ரோலையும் மனதுக்குள் மறுபடி ஓடி முடித்துவிட்டேன். பதினாறாவதில் எண்ணைச் சொன்னேனா என்று சந்தேகம் வந்தது. மெஷின் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது. அவர் அதை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிப் படித்தார்.

"ஓகே" என்றார்.

ரேகா என்னைத் தூக்கினாள். எல்லை முகாம்களில் மூட்டை தூக்கிப் பழகிய பெண். நான் தரையிலிருந்து இரண்டு அடி மேலே இருந்தேன். பிக்ரமும் சந்தீப்பும் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சந்தீப்பின் முட்டி ரத்தம் என் சட்டையில், ரேகாவின் சட்டையில், கொடியைத் தவிர எல்லாவற்றிலும் ஆயிற்று.

பட்டியலை ஒட்டியபோது நாங்கள் நடுவில்கூட இல்லை, அதற்கும் கீழேதான் இருந்தோம். ஆனால் எங்களுக்கும் கீழே நேரத்தோடு ஐந்து நாடுகள் இருந்தன. அவற்றுக்கும் கீழே கோடு போட்ட நாடுகள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் வரியில் விரலை வைத்தார். "நேரம் இருக்கு" என்றார். மணி, நிமிஷம், வினாடி எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்தபோது கையைக் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "சும்மா இருங்க சார்" என்றேன். 

தடுப்புக்கு அந்தப் பக்கம் மிரெக் நின்றிருந்தார். எங்களை இறக்கிவிட்டு அவர் ஊருக்குப் போகவே இல்லை. முதலிலிருந்து கடைசி வரை நின்று பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆட்களிடமெல்லாம் எங்களைக் காட்டி, வேனைக் காட்டி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் வீட்டுக்குப் போனதும் அந்த வேனில்தான். கிராமத்து எல்லைக்கு வந்ததும், கேட்காமலே, ஒரு தடவை சைரனைப் போட்டார்.

மறுநாள் எல்லா நாடுகளுக்கும் அந்தப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் மதிய விருந்து. தட்டில் உருளைக்கிழங்கும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். உயரமானவள், முகம் முழுக்கப் புள்ளிகள். தங்கம் வாங்கிய அணியின் கடைசி ஓட்டக்காரி. முந்தின நாள் மேடையில் நின்றவளை நாங்கள் தூரத்திலிருந்து போட்டோ எடுத்திருந்தோம்.

"நீங்கள் இந்தியா, கடைசி ஓட்டம், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் கையில் ரிலே மேப்பும், ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற தாளும் இருந்தன. தாளில் ஓர் இடத்தில் பச்சை மையால் கோடு போட்டிருந்தாள். "ஏழிலிருந்து எட்டு. எல்லாப் பெண்களிலும் நீங்கள் நான்காவது. நான் பதினொன்று. நேற்று ராத்திரியிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த வழியாகப் போனீர்கள்?"

மேப்பில் வீட்டு வரிசை நடுவே விரலை வைத்தேன்.

"அங்கே கதவு சாத்தியிருந்தது" என்றாள்.

"பெரிய கதவுதான் சாத்தியிருந்தது" என்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை தேவைப்படவில்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் காற்றில் ஒரு சின்னக் கதவு வரைந்து, குனிந்து நுழைந்து காட்டினேன்.

அவள் மேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மேப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் மேஜைக்குக் குரல் கொடுத்தாள். அங்கே உட்கார்ந்திருந்த அவளுடைய அணியினர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவன் என் தட்டை வாங்கி ஓரமாக வைத்தான். அவள் மேப்பை மேஜையில் விரித்து, அதன் நான்கு மூலைகளிலும் கண்ணாடி டம்ளர்களை வைத்து, பச்சைப் பேனாவை என்னிடம் நீட்டினாள். அவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏழாவது வட்டத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தேன்.